தலைதீபாவளிக்கு மாமியார் வீட்டில் கறிக்குழம்பு, நான் சைவமாகி ஏழு மாதம்

கரிசல்காட்டான் | 5 அக்டோபர் 2025, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். எனக்குக் கோவில்பட்டிப் பக்கம். வைகாசியில் கல்யாணம் ஆனது. வருகிற 20ஆம் தேதி தலைதீபாவளி. மனைவியின் ஊர் தேனிப் பக்கம்.

நான் கறி, மீன், முட்டை விட்டு ஏழு மாதம் ஆகிறது. மனைவிக்கு நிச்சயத்துக்கு முன்பே சொல்லிவிட்டேன். மாமாவுக்கும் அத்தைக்கும் இன்னும் தெரியாது.

ஏன் விட்டேன் என்று கேட்பீர்கள். மாசி சிவராத்திரிக்குக் குலதெய்வம் கோயிலில் எங்கள் பங்காளிகள் கிடா வெட்டு. கிடா பிடிக்கச் சித்தப்பாவோடு எட்டயபுரம் சனிக்கிழமைச் சந்தைக்குப் போனேன். திரும்பும்போது குட்டியானை வண்டியில் பின்னால் உட்கார்ந்து கிடாவைப் பிடித்துக்கொள்வது என் வேலை. வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதும் அது மிரண்டு என் மடியில் தலையைப் புதைத்துக்கொண்டது. அதன் நெஞ்சு அடிப்பது என் தொடையில் தெரிந்தது. வீடு வரும்வரை அப்படியே வந்தது. நாலு நாள் கழித்துப் பந்தியில் என் இலையில் வைத்த துண்டைத் தொட முடியவில்லை. அன்றோடு விட்டதுதான். யாரையும் விடச் சொல்ல நான் வரவில்லை. எங்கள் அம்மாவே இன்றும் ஞாயிற்றுக்கிழமை கறி எடுக்கிறார்.

மறுவீட்டு விருந்தில் வயிறு சரியில்லை என்று சமாளித்தேன். புரட்டாசியில் ஒருநாள் போனபோது, விரதம் போலிருக்கிறது என்று அவர்களே நினைத்துக்கொண்டார்கள். நானும் பேசாமல் இருந்துவிட்டேன். அது தப்பு என்று இப்போது உறைக்கிறது. மாமா ஐந்து வீட்டோடு சேர்ந்து தீபாவளிக்கு ஆடு பிடித்திருக்கிறார், கூறு போட. "நல்லி எலும்பும் ஈரலும் மாப்பிள்ளைக்குத்தான்" என்று போனிலேயே சொல்லிவிட்டார்.

எனக்கு இரண்டு கேள்வி. அவர்களிடம் எப்படிச் சொல்வது? அன்று காலையில் இட்லிக்கு என்ன தொட்டுக்கொள்வது? இரண்டாவது சின்ன விஷயமாகத் தோன்றலாம், எனக்கு அப்படி இல்லை. இருட்டோடு எண்ணெய் தேய்த்துக் குளித்து, லேகியம் விழுங்கி, மஞ்சள் தடவிய புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் அடுக்களையிலிருந்து வரும் அந்த மசால் வாசம்தான் எனக்குத் தீபாவளி. அது இல்லாமல் சட்னியோடு எழுந்துவிட மனசு ஒப்பவில்லை.

வைகைக்கரை | 5 அக்டோபர், இரவு 10.25

தம்பி, நானும் ஒரு மாமியார். மூன்று வருடம் முன்பு மூத்த மாப்பிள்ளைக்குத் தலைதீபாவளி செய்தேன். அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

தலைதீபாவளிக்கு முந்தின ராத்திரி நாங்கள் தூங்குவதில்லை. மாவு பொங்கியதா, அதிரசம் உதிராமல் வந்ததா, மாப்பிள்ளைக்கு எடுத்த வேட்டியின் கரை அவருக்குப் பிடிக்குமா என்று மனசு ஓடிக்கொண்டே இருக்கும். நீங்கள் கறி சாப்பிடவில்லை என்பது அவ்வளவு பெரிய வருத்தம் ஆகாது. இலை போட்டு, குழம்பு ஊற்றப் போகும் நேரத்தில் "வேண்டாம்" என்று கை மறைத்தால்தான் வருத்தம். சொந்தக்காரர்கள் முன்னால் அந்தக் கரண்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டு உள்ளே போவது எப்படி இருக்கும் என்று யோசியுங்கள்.

இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. இந்த வாரமே சொல்லுங்கள். அப்புறம் ஒன்று. மனைவியைச் சொல்ல விட்டு நீங்கள் ஒதுங்கிக்கொள்ளக் கூடாது. அவள் சொன்னால் "நீதான் மாத்திட்டியா?" என்று பேச்சு அவள் மேல் திரும்பும். அவள் அம்மாவிடம் ஒரு வார்த்தை போட்டு வைக்கட்டும், மாமாவிடம் நீங்களே பேசுங்கள்.

பழையசோறு | 6 அக்டோபர், காலை 7.10

வருடத்தில் ஒருநாள். அதுவும் வாழ்நாளில் ஒரே ஒரு தலைதீபாவளி. பெரியவர்கள் ஆசையாகச் செய்வதை ஒரு துண்டு வாயில் போட்டால் என்ன? அடுத்த நாளிலிருந்து மறுபடி சைவமாக இருந்துகொள்ளலாம். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், உறவு முக்கியம் என்பதால் சொல்கிறேன்.

மணிமுத்தாறு | 6 அக்டோபர், காலை 8.32

பழையசோறு அண்ணா, நான் அப்படித்தான் செய்தேன். சைவமாகி ஆறு வருடம் ஆகிறது. முதல் வருடம் மாமனார் வீட்டில் ஒரு துண்டு சாப்பிட்டேன். அடுத்த தடவை "அன்னைக்குச் சாப்பிட்டீங்களே" என்றார்கள். என்னிடம் பதில் இல்லை. அந்த ஒரு துண்டிலிருந்து வெளியே வர எனக்கு இரண்டு வருடம் ஆனது.

இன்னொன்று கண்டிப்பாக வரும்: "கறி போடல, வெறும் குழம்பு மட்டும் ஊத்துறேன்." நல்ல மனதோடுதான் சொல்வார்கள். எலும்பு வெந்த சாறுதான் அந்தக் குழம்பு என்று அவர்களுக்குத் தோன்றாது. அதை எடுத்த எடுப்பிலேயே சிரித்த முகத்தோடு சொல்லி வைத்துவிடுங்கள். கோலா உருண்டை பொரித்த எண்ணெயிலேயே வடை போடுவதும் வழக்கம், வடையை முதலில் போடச் சொல்லலாம்.

கரிசல்காட்டான் | 6 அக்டோபர், மதியம் 1.15

வைகைக்கரை அம்மா, நீங்கள் எழுதியதை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். "கரண்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டு" என்ற இடத்தில் அவள் அழுதுவிட்டாள். இந்த வாரம் சொல்லிவிடுகிறேன்.

பழையசோறு அண்ணா, உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் என்னால் முடியாது. விரதமாக இருந்தால் முறிக்கலாம். எனக்கு அந்தக் கிடாவின் நெஞ்சடிப்பு இன்னும் தொடையில் இருக்கிறது.

அம்மிக்கல் | 6 அக்டோபர், இரவு 8.05

சமையலுக்கு நான் வருகிறேன். இருபது வருடமாகக் கல்யாண வீடுகளுக்குச் சமைக்கிற குடும்பம் எங்களுடையது.

கறிக்குழம்பு வாசம் என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு கறியுடையதே இல்லை. நல்லெண்ணெயில் சோம்பும் பட்டையும் கல்பாசியும் பொரிவது, சின்ன வெங்காயம் நிறம் மாறுவது, வறுத்து அரைத்த மல்லியும் மிளகும், கடைசியில் தேங்காயும் கசகசாவும். கல்பாசியை மட்டும் விட்டுவிடாதீர்கள். அது காய்ந்த பாசி மாதிரி ஒன்றுமில்லாமல் இருக்கும், எண்ணெயில் விழுந்ததும்தான் வீடு விருந்து வீடாகும்.

கறி கொடுப்பது இரண்டு. ஒன்று கொழுப்பு, மற்றது பல்லுக்குக் கிடைக்கும் கடி. கொழுப்புக்கு முந்திரி, கசகசா, தேங்காய் மூன்றையும் வெண்ணெய் மாதிரி அரைத்துவிடுங்கள், நல்லெண்ணெயில் கஞ்சம் பிடிக்காதீர்கள். கடிக்கு என்ன போடுவது என்பதுதான் கேள்வி.

பலாப்பிஞ்சு எல்லோரும் சொல்வார்கள். ஐப்பசியில் நம் பக்கம் அது கிடைப்பது கஷ்டம், தை மாசிக்கு மேல்தான் பிஞ்சு வரத்து. காளான் நல்லது, ஆனால் தண்ணீர் விடும். குழம்பு கொதித்துக் கெட்டியான பிறகு, தனியாக வதக்கிய காளானைக் கடைசிப் பத்து நிமிடத்தில் போட வேண்டும். முதலிலேயே போட்டால் குழம்பு ரசமாகிவிடும். மீல்மேக்கர் என்றால் உப்புப் போட்ட வெந்நீரில் ஊறவைத்து, பிழிந்து, பச்சைத் தண்ணீரில் அலசி மறுபடி பிழிய வேண்டும். ஒரு தடவையோடு விட்டால் அந்த வாடை கடைசிவரை போகாது.

நான் செய்தால் சேனைக்கிழங்குதான். எலும்புத் துண்டு அளவுக்குப் பெரிதாக நறுக்கி, புளித்தண்ணீரும் மஞ்சளும் விட்டு முக்கால் வேக்காடு. வடித்து, எண்ணெயில் நாலு பக்கமும் சிவக்கப் பொரித்து, பிறகு குழம்பில். வெளியே முறுகலாகவும் உள்ளே மாவாகவும் இருக்கும். இட்லியோடு சேர்ந்தால் குறை சொல்ல முடியாது. கோலா உருண்டைக்கு வாழைப்பூ. அதை யாரிடமும் விளக்க வேண்டிய அவசியமே இல்லை, நம் ஊரில் எப்போதும் இருப்பது.

வந்தவாசி வாத்தியார் | 7 அக்டோபர், காலை 6.20

நாங்கள் தமிழ்ச் சமணர்கள். வந்தவாசி, திண்டிவனம், மேல்சித்தாமூர்ப் பக்கமெல்லாம் எங்கள் குடும்பங்கள் உண்டு. எங்கள் வீட்டில் எத்தனையோ தலைமுறையாகத் தீபாவளி சைவம்தான். மகாவீரர் முக்தி அடைந்த நாளாக அதைக் கொண்டாடுகிறோம். விடியுமுன் எண்ணெய்க் குளியல், விளக்கு, ஜினாலயத்தில் பூசை, பிறகு பலகாரம்.

கரிசல்காட்டான் தம்பிக்கு இதைச் சொல்லக் காரணம் உண்டு. கறி இல்லாத தீபாவளியை நீங்கள் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. இதே தமிழ்நாட்டில், இதே ஐப்பசி இருட்டில், எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுக் கறியில்லாமல் நிறைவாகச் சாப்பிட்டு எழும் வீடுகள் இருக்கின்றன. கேதார கௌரி நோன்பு எடுக்கும் வீடுகளிலும் நோன்பு முடியும்வரை கறி கிடையாதே.

செம்மண்தடம் | 7 அக்டோபர், காலை 11.48

ஒரு விஷயம் சொல்ல வேண்டும், கோபமாகச் சொல்லவில்லை.

நம் ஊரில் "சைவம் ஆயிட்டேன்" என்பது வெறும் சாப்பாட்டுப் பேச்சாக நிற்பதில்லை. என்ன சாப்பிடுகிறான் என்பதை வைத்து யார் மேல், யார் கீழ் என்று அளந்த ஊர் இது. சாப்பாட்டுக்காக வீடு கிடைக்காமல் அலைந்தவன் நான். அதனால் உங்கள் மாமனாரிடம் பேசும்போது "சுத்த சைவம்" என்ற வார்த்தை மட்டும் வேண்டாம். அதைக் கேட்டதும், அப்படியானால் நாங்கள் அசுத்தமா என்றுதான் அவர் மனதில் விழும். உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள், அந்தக் கிடாவைச் சொல்லுங்கள். ஆடு வளர்த்தவர்களுக்கு அது புரியும்.

கரிசல்காட்டான் | 7 அக்டோபர், இரவு 9.02

செம்மண்தடம், மிக்க நன்றி. இது எனக்குத் தோன்றவே இல்லை. அந்த வார்த்தையை நானே இரண்டு தடவை சொல்லியிருக்கிறேன். இனி வராது.

ஸ்காபரோ பனை | 8 அக்டோபர், காலை 5.30

யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊரிலும் தீபாவளிக்குப் பங்கு இறைச்சிதான். விடிய வெள்ளன ஆடு அடித்து, பங்கு பிரித்து, பனையோலையில் கட்டிக்கொண்டு அப்பா வருவார். அதேநேரம் எங்கள் வீட்டில் மச்சச் (அசைவச்) சட்டி வேறு, சைவச் சட்டி வேறு. வெள்ளிக்கிழமை, கோயில் கொடியேறிய நாள் என்றால் மச்சம் இல்லை. ஒரே வீட்டுக்குள் அம்மம்மா சைவச் சட்டியிலும் நாங்கள் மச்சச் சட்டியிலும் சாப்பிடுவோம். அதில் ஒருவருக்கும் ஒரு மனத்தாங்கலும் இருந்ததில்லை. உங்கள் அத்தையிடம் சட்டி ஒன்றை மட்டும் வேறாக வைக்கக் கேளுங்கள், மற்றதெல்லாம் ஒன்றாகவே இருக்கட்டும்.

இங்கே கனடாவில் நான் சைவமாகிப் பன்னிரண்டு வருடம். உப்புநீரில் போட்ட பிஞ்சுப் பலாக்காய் ரின்னில் (டின்னில்) கிடைக்கும். அதை நன்றாகக் கழுவி, வறுத்த கறித்தூளும் தேங்காய்ப்பாலும் விட்டுப் பிரட்டினால் என் பிள்ளைகள் இறைச்சி இல்லை என்று நம்ப மாட்டார்கள்.

வெள்ளைச்சீருடை | 8 அக்டோபர், மதியம் 2.40

செவிலியராக ஒரே ஒரு குறிப்பு. மாமியார் கேட்கப் போகும் முதல் கேள்வி "உடம்புக்குச் சத்து?" என்பதுதான். பருப்பு, பயறு, சுண்டல் தினமும் இருந்தால் புரதத்துக்குக் கவலை இல்லை. காய்ந்த மீல்மேக்கரில் எடையில் பாதி புரதம். ஆனால் பி12 செடிகொடியில் கிடைக்காது. பால், தயிர் தவறாமல் எடுங்கள், வருடம் ஒருமுறை ரத்தப் பரிசோதனையில் பாருங்கள். கீரை, பயறோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் இரும்புச்சத்து நன்றாக உடம்பில் சேரும். சாப்பிட்டதும் டீ குடிக்காதீர்கள்.

கரிசல்காட்டான் | 12 அக்டோபர், இரவு 10.10

சொல்லிவிட்டேன்.

இன்று ஞாயிறு, மாமாவை நேரில் பார்க்கவே பஸ் ஏறிப் போனேன். திண்ணையில் உட்கார்ந்து சந்தையிலிருந்து ஆரம்பித்துச் சொன்னேன். அவர் இடையில் ஒன்றும் பேசவில்லை. கடைசியில் "நல்லியை நான் சொல்லி வச்சிட்டேனே" என்றார். அவ்வளவுதான். எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். அத்தை உள்ளேயிருந்து எல்லாம் கேட்டிருக்கிறார். வெளியே வந்து, "குழம்பு மட்டும் ஊத்திக்கலாமா மாப்பிள்ளை?" என்று கேட்டார். மணிமுத்தாறு சொன்னது அப்படியே நடந்தது. அதுவும் வேண்டாம் அத்தை என்றேன். கொஞ்ச நேரம் நின்றார். பிறகு சேனை பற்றி நான் ஆரம்பித்ததும், "சேனையா? எங்க வீட்டுக் கொல்லையிலேயே கிடக்கு" என்றார்.

நான் ஊருக்குக் கிளம்பும்வரை மாமா என்னிடம் சரியாக முகம் கொடுக்கவில்லை. பஸ் ஏற்றிவிட மட்டும் வந்தார்.

வைகைக்கரை | 12 அக்டோபர், இரவு 10.34

பஸ் ஏற்றிவிட வந்தார் அல்லவா, போதும் தம்பி. அவருக்கு நேரம் கொடுங்கள்.

கரிசல்காட்டான் | 23 அக்டோபர், இரவு 8.50

உதவிய எல்லோருக்கும் நடந்ததைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

சனிக்கிழமை போய்ச் சேர்ந்தோம். அன்று ராத்திரி அத்தை சோதனையாகக் காளானில் ஒரு குழம்பு வைத்தார். அம்மிக்கல் எச்சரித்தபடியே தண்ணீர் விட்டுவிட்டது. அத்தையின் முகம் வாடியதைப் பார்த்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மச்சினன் அதைச் சோற்றில் ரசமாக ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு நன்றாக இருக்கிறது என்றான். நல்ல பிள்ளை.

தீபாவளியன்று மூன்றரைக்கு எழுப்பினார்கள். அத்தை தலையில் எண்ணெய் வைத்தார். குளித்துவிட்டு வந்தபோது கொல்லைத் தாழ்வாரத்து விறகடுப்பில் கறிக்குழம்பு, உள்ளே கேஸ் அடுப்பில் சேனை. எட்டிப் பார்த்தேன். ஆட்டுக்கல்லில் ஒரே வழியாக அரைத்த மசாலை இரண்டு கிண்ணத்தில் பங்கு வைத்திருந்தார். நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "மசால் ஒண்ணுதான் மாப்பிள்ளை, சட்டிதான் ரெண்டு" என்றார். ஸ்காபரோ பனை எழுதியதை நான் அவரிடம் சொல்லவே இல்லை. அவராகவே சொன்னார்.

கல்பாசி பொரிந்த வாசம் வந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதே வாசம். எங்கள் அம்மா வீட்டு வாசம்.

பந்தியில் அம்மாச்சிதான் சத்தம் போட்டார். கறி திங்காத மாப்பிள்ளை எங்கள் வம்சத்திலேயே இல்லை என்றார். மாமா பேசவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து, தன் கறிக்குழம்பை முடித்துவிட்டு, கடைசி இட்லிக்குச் சேனைக் குழம்பைக் கேட்டு வாங்கினார். ஒரு துண்டை நசுக்கிப் பார்த்தார், சாப்பிட்டார். மறுபடி கரண்டிக்குத் தலையாட்டினார். நல்லி மச்சினனுக்குப் போனது.

ஒரு வருத்தமும் இருக்கிறது, மறைக்கவில்லை. வாசலில் அவருடைய பங்காளி ஒருவர் கேட்டபோது, "மாப்பிள்ளைக்கு டாக்டர் கறி வேண்டாம்னுட்டாரு" என்று மாமா சொன்னது காதில் விழுந்தது. திருத்த வாய் வந்தது. திருத்தவில்லை.

செம்மண்தடம் | 23 அக்டோபர், இரவு 9.15

திருத்தாதது சரி. வீட்டுக்குள் ஏற்றுக்கொண்டுவிட்டார், தெருவுக்குச் சொல்ல அவருக்கு இன்னும் வார்த்தை கிடைக்கவில்லை. அடுத்த வருடம் அவரே அந்தக் கிடாக் கதையைச் சொல்லலாம்.

பழையசோறு | 24 அக்டோபர், காலை 6.55

தம்பி, நான் சொன்னது தவறு என்று ஒப்புக்கொள்கிறேன். ஒரு துண்டு சாப்பிட்டிருந்தால் அத்தை இரண்டாவது சட்டி வைத்திருக்கவே மாட்டார். அந்தச் சேனைக் குழம்பு பக்குவத்தை அப்படியே எழுத முடியுமா? என் அண்ணன் மகள் கறி சாப்பிடுவதை நிறுத்தி ஒரு மாதம் ஆகிறது. கார்த்திகைக்கு வருகிறாள்.

கரிசல்காட்டான் | 24 அக்டோபர், இரவு 9.30

அண்ணா, அத்தையிடம் போனில் கேட்டு எழுதினேன். நாலு பேருக்கு.

சேனை அரைக் கிலோ. கையில் எண்ணெய் தடவிக்கொண்டு நறுக்கவும், இல்லையென்றால் அரிக்கும். அம்மிக்கல் சொன்னபடி புளித்தண்ணீரில் முக்கால் வேக்காடு வேகவைத்துப் பொரித்துக்கொள்ளவும்.

வறுத்து அரைக்க: மல்லி மூன்று ஸ்பூன், வற்றல் எட்டு, மிளகு ஒரு ஸ்பூன், சோம்பு ஒரு ஸ்பூன், சீரகம் அரை ஸ்பூன், கறிவேப்பிலை ஒரு கொத்து. தனியாக அரைக்க: தேங்காய் ஒரு மூடியில் பாதி, கசகசா ஒரு ஸ்பூன், முந்திரி ஆறு. கசகசாவை வெந்நீரில் ஊறவைத்தால்தான் மையாக அரைபடும்.

நல்லெண்ணெயில் பட்டை, கிராம்பு, கல்பாசி. பிறகு உரித்த சின்ன வெங்காயம் இருபத்தைந்து, பாதியை முழுசாகவும் பாதியைத் தட்டியும் போடச் சொன்னார். இஞ்சி பூண்டு, தக்காளி இரண்டு. மசாலைப் போட்டு எண்ணெய் பிரியும்வரை கிளறி, தண்ணீர் விட்டுக் கொதித்ததும் சேனை. பத்து நிமிடம் கழித்துத் தேங்காய் விழுது, ஒரு கொதி, இறக்கி மூடி வைக்கவும். அரை மணி நேரம் திறக்கக் கூடாதாம்.

பேசி முடித்து வைக்கப் போகும்போது அத்தை கேட்டார், பொங்கலுக்கு மறுநாள் கறிநாளுக்கு உங்களுக்கு என்ன வைப்பது என்று. நான் யோசிப்பதற்குள் பின்னாலிருந்து மாமா குரல் வந்தது: "அப்ப பச்ச மொச்ச வந்திரும்ல, அதப் போடு."